நம்ம ஆளுங்கதான்

அவர் யாரிடமும் சாதி கேட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. "அதெல்லாம் கேக்குறது தப்புமா, நான் அந்த மாதிரி ஆளு இல்ல" என்று அவரே பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். சொன்னது பொய்யும் அன்று. அவருக்குக் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. எங்கள் அச்சம் அங்கேதான் தொடங்கியது.

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலிலிருந்து கூப்பிடு தொலைவில் ஒரு நெசவாளர் தெரு. அதில் அவருடைய வீட்டு மாடியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். பின்கட்டில் அவருடைய கணவர் தறியில் இருப்பார். அந்த மனிதரை நான் கண்ணால் கண்டதைவிடத் தறிச் சத்தமாகக் காதால் கேட்டதே அதிகம். வீட்டுக்காரம்மா தெருக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடையில் ராட்டையோடு உட்கார்ந்திருப்பார். தறியில் குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைச் சிறு குழல்களில் சுற்றித் தருவது அவர் வேலை. வலக்கை சக்கரத்தைச் சுழற்றும். இடக்கை இழையைப் பிடிக்கும். கண்கள் இரண்டும் தெருவில் இருக்கும். மாடிப்படி அந்த நடையிலிருந்தே ஏறியது. வெளியே போகவும் உள்ளே வரவும் நாங்கள் அவரைக் கடந்தே ஆகவேண்டும்.

ஒருநாள் காலை கேஸ் சிலிண்டர் தூக்கி வந்த இளைஞன் ஒருவனை அவர் வாசலில் நிறுத்தினார். நான் படியில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"புதுசா இருக்குறியே, எந்தப் பக்கம்பா?"

"வாலாஜாபாத் பக்கம்மா."

"வாலாஜாபாத்தேவா, தள்ளியா?"

அவன் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னான்.

"நல்ல ஊராச்சே! மாட்டுப் பொங்கல்லாம் ஜோரா செய்வாங்களே. கொம்புக்குலாம் பெயின்ட் அடிப்பீங்களா?"

"அடிப்போம்மா."

"உங்க மாடா?"

இளைஞன் தோளிலிருந்த சிலிண்டரைச் சற்று நகர்த்திக்கொண்டான். ராட்டை நிற்கவில்லை.

"அங்கயே வாசப்படிகிட்ட எறக்கி வெச்சிட்டுப் போ கண்ணு. அவரு வந்து எடுத்துக்குவாரு. தாகமா இருக்குதா? அந்த பாட்டில நீயே எடுத்துக்கினு போ. திருப்பித் தர வேணாம்."

எவ்வளவு கனிவாகச் சொன்னார்! அவர் குரலில் வெறுப்பு இருந்திருந்தால் நான் அஞ்சியிருக்க மாட்டேன். வெறுப்புக்கு மறுமொழி கூறப் பழகியவள் நான். பள்ளி தொடங்கிக் கல்லூரி வரை ஏறிய மேடைகளில் எதிரணியினர் எவ்வளவு சினந்தாலும் என் குரல் தடுமாறியதில்லை. சமூக நீதி என்ற தலைப்பைக் கொடுத்தால், குறிப்பு இல்லாமல், நீர் அருந்தாமல், மணி அடிக்கும்வரை பேசுவேன். ஆனால் கனிவாக ஒருவனைப் படிக்கு வெளியே நிறுத்தும் குரலுக்கு என்ன மறுமொழி கூறுவது என்று எந்த மேடையும் எனக்குக் கற்றுத் தரவில்லை. அந்த இளைஞன் பாட்டிலை எடுத்துக்கொள்ளாமல் போனான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பாராமல், தெருவில் இறங்கினேன்.

நாங்கள் தென்னேரிக்காரர்கள். ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் காலனி. நாங்கள் காலனி. தாத்தா காலம்வரை பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அக்கா பட்டுக்கடையில் பில் போடுகிறாள். பணிமனை, கடை, என் கல்லூரி மூன்றுக்கும் இடையில் ஒரு வீடு வேண்டுமென்று நாங்கள் அலைந்த அலைச்சலில் ஒன்றைக் கண்டுகொண்டோம்: பார்க்கும் வீட்டுக்கெல்லாம், எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்ன மறுநொடியே, வீட்டுக்காரரின் உறவினர் யாரோ குடிவர இருந்தார்கள். இந்த வீட்டுக்கு மட்டும் தரகர் அவசரத்தில் இருந்தார். கறி சமைப்பீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றார் அப்பா. முன்பு வாடகைக்கு இருந்த வாலாஜாபாத்தையே சொந்த ஊராகச் சொல்லிக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்தச் சொல்லுக்குப் பிறகு அடுத்த கேள்வி வருவதற்குள் நகர்ந்துவிட வேண்டும். அதற்கு அம்மா எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

"தண்ணி வந்துச்சானு கேளு. கரண்ட்டு பில்லு வந்துச்சானு கேளு. நிக்காத. நின்னா அடுத்தது கேப்பாங்க."

குடிவந்த சில நாளிலேயே வீட்டுக்காரம்மா, எங்களுக்கு முன் மாடியில் இருந்த பெண்ணைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

"நர்ஸ் பொண்ணு. தங்கமான பொண்ணுமா. எனக்கு சுகர் ஏறுனப்ப அவதான் ஊசி போட்டா. ஆனா யாருன்னு சொல்லாம வந்துட்டா பாரு, அதான் மனசு ஒடஞ்சிபோச்சு. போவச் சொல்லிட்டேன். போறப்ப அவளும் அழுதா, நானும் அழுதேன்."

அம்மா மேலே வந்து சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அழுதுக்கினே அனுப்பினாங்களாம்டி" என்றார்.

கோபத்தோடு அனுப்புகிறவரிடம் கெஞ்சலாம், சண்டையும் போடலாம். அழுதுகொண்டே அனுப்புகிறவரை என்ன செய்வது? அன்று முதல் எங்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. நான் மட்டும் பேசினேன். அதுவும் வேறு வழியில்லாமல். கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டி ஒன்று வந்தது. மொட்டைமாடியில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தேன். கீழிருந்து வீட்டுக்காரம்மா அழைத்தார். போனேன். பக்கத்து வீட்டம்மாவும் உடன் இருந்தார்.

"வாழ்க்கைன்னு சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"பாத்தியா?" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் திரும்பினார். "நாக்குல எவ்ளோ சுத்தம் இருக்குது பாரு! இதெல்லாம் படிச்சி வர்றதில்ல, பொறப்புல வரணும். நான் அப்பவே நெனச்சேன். நம்ம ஆளுங்கதான்."

அந்த ழகரம் என் பிறப்பில் வந்ததன்று. அரசுப் பள்ளி மரத்தடியில், தினமும் நாளிதழை உரக்கப் படித்து, நாக்கு மடங்காமல் போன இடத்தில் எல்லாம் மீண்டும் படித்து, வருடக்கணக்கில் நான் சம்பாதித்தது. என் பெருமை முழுவதும் அந்த உழைப்பில்தான் இருந்தது. அதை அவர் என் கையிலிருந்து எடுத்துப் பிறப்பின் கணக்கில் வைத்துவிட்டார். வைத்த பிறகு மற்றவை எல்லாம் தாமே வந்து பொருந்திக்கொண்டன. அம்மாவின் கோலம் சாட்சியாயிற்று. வெள்ளிக்கிழமை விரதம் சாட்சியாயிற்று. பயத்தில் பேசாமல் போகும் என் அப்பா, அளந்து பேசும் பெரிய மனிதர் ஆனார். வீட்டுக்காரம்மா எங்களைக் கண்டுபிடிக்கவில்லை. அங்கங்கே கிடந்ததைப் பொறுக்கி எங்களைச் செய்தார். செய்ததைத் தெரு முழுவதும் சொல்லியும் முடித்தார்.

நாங்கள் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்தது அன்பு. "இன்னா வீட்டுக்காரம்மான்னு தூரமா கூப்ட்டுக்கினு? பெரியம்மான்னு கூப்டு" என்றார். வத்தக்குழம்பு வைத்தால் எங்களுக்கு ஒரு கிண்ணம். எனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரினார். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது அருகிலேயே உட்கார்ந்து நெற்றியில் பற்றுப் போட்டார்; எங்கள் சமையலறையில் ரசம் வைத்து எங்களோடு சேர்ந்து சாப்பிட்டார். அவ்வளவும் உண்மையான அன்பு. அது எங்கள் பெயருக்கு வந்த அன்பன்று, அவர் செய்துவைத்த வேறு யாருக்கோ வந்தது என்பதை நினைக்கும்போது கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிடுவேன்.

"இவ்ளோ நல்லா வெச்சிக்கிறாங்களே, பயமா இருக்குதுடி" என்பார் அம்மா.

உறவினர் யாரையும் வீட்டுக்கு அழைப்பதை நிறுத்தினோம். அப்பா தம் உடன்பிறந்த தம்பியைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் வைத்துப் பார்த்துவிட்டு வருவார். சித்தப்பா ஒருமுறை கேட்டாராம்: "இன்னாண்ணா, உன் வூடு அவ்ளோ பெருசா, என்ன உள்ள வுட்டா தொலஞ்சிடுவேன்னு பயப்படுறியா?" அப்பா அதைச் சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார். சொல்லி முடித்தபின் சிரிப்பு அவர் முகத்திலேயே தங்கிப்போயிற்று. எடுத்துவைக்க இடமில்லாததைப் போல.

ஆடிப் பெருக்கு வந்தது. அந்தத் தெருவில் பெண்கள் ஒன்றாகக் கூடிப் புது மஞ்சள் கயிற்றில் தாலியை மாற்றிக் கோத்துக்கொள்வார்கள். கூடும் இடம் பெரியம்மாவின் கூடம். தாலியின் உரு ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு விதம். அம்மாவின் தாலியை வெளியே எடுத்து ஒரு பார்வை பார்த்தால் போதும். அங்கே கூடியிருக்கும் எந்தப் பெண்ணும் எங்கள் மூன்று தலைமுறையையும் சொல்லிவிடுவாள். பெரியம்மா படியில் நின்று கூப்பிட்டார்.

"எல்லாரும் வந்தாச்சு, நீதான் பாக்கி. வாம்மா!"

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையிலதான் தூரம் ஆனேம்மா" என்றார்.

"அடடா! அப்ப எறங்காத, எறங்காத. கயிறு எடுத்து வெக்கிறேன். தலைக்குக் குளிச்சிட்டு நீயே மாத்திக்கோ."

மூன்று நாள் அம்மா ஒரு மூலையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா சோற்றுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு, தொடாமல், எட்ட நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார். ஒரு தீண்டாமையிலிருந்து தப்புவதற்காக இன்னொரு தீண்டாமைக்குள் போய் ஒளிந்துகொண்டார் என் தாய். மேடையில் இதைச் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அந்த மூலையில் அம்மாவின் முகத்தைப் பார்த்தவளுக்கு அதைச் சொல்ல வாய் வராது.

இவ்வளவையும் தாங்கியிருப்போம். ஆனால் பெரியம்மா அக்காவைப் பெண் கேட்டார். ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி மகனுக்கு.

"பையன் போட்டோவ பாத்துட்டான். புடிச்சிப்போச்சு. வர்ற வெள்ளிக்கெழம தம்பி குடும்பத்தோட வர்றான். பொண்ணு பாக்குறதுன்னு இல்ல, சும்மா வந்து போறாங்க. நமக்குள்ள என்ன விசாரணை? நான் ஒருத்தி போதாதா?"

போட்டோவை அவர் எப்போது எடுத்தார் என்பதே எங்களுக்குத் தெரியாது. அப்பா அன்று பணிமனைக்குப் போகவில்லை.

"தெரிஞ்சி வேணாம்னு சொல்லிட்டுப் போனா பரவால்ல. பொண்ண காட்டி ஏமாத்துனாங்கன்னு சொல்லிக்கினு நாலு பேரு வந்தா? பையன் மனசுல ஆசைய வளத்துக்கினு வந்து நின்னா? நாம காலி பண்ணிடலாம். நாளைக்கே."

"நாம என்னத்த ஏமாத்துனோம்?" என்றாள் அக்கா. "அவங்களா சொன்னாங்க, நாம சும்மா இருந்தோம். இப்ப ஓடுனா, அந்த வூட்லயும் வாலாஜாபாத்னு சொல்லிக்கினு, அங்கயிருந்தும் ஓடணும். நான் சொல்லிடப் போறேன்."

எப்படிச் சொல்வது என்று நான் ஒரு முன்னுரை அமைத்துக் கொடுத்தேன். அக்கா பாதியிலேயே நிறுத்தினாள்.

"உன் பேச்சாலதாண்டி இவ்ளோவும் வந்துச்சு. நீ வாய மூடிக்கினு கூட வா, போதும்."

நல்ல வெளிச்சத்தில் இறங்கினோம். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா ராட்டையிலிருந்து நிமிர்ந்து சிரித்தார்.

"வா கண்ணு. வெள்ளிக்கெழம என்ன பொடவ கட்டலாம்னு கேக்க வந்தியா?"

"அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க பெரியம்மா."

"ஏன்டி? போட்டோ புடிக்கலயா? நேர்ல இன்னும் நல்லா இருப்பான்."

"நாங்க தென்னேரி காலனி பெரியம்மா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருந்தது.

"போடி இவளே! புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு. அதுக்குன்னு யாராச்சும் இப்படி ஒரு பேச்சு பேசுவாங்களா? உங்கம்மா கோலத்த நான் பாக்கல? இவ பேச்ச நான் கேக்கல? எனக்கு ஆளு தெரியாதா?"

"நெஜமாத்தான் சொல்றேன். காலனிதான்."

அவர் அக்காவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் நாக்கு அவருக்குச் சாட்சி சொன்ன நாக்கு. இப்போதும் அது தமக்குச் சாதகமாகவே பேசும் என்று நம்பினார் போலும். என்னால் ஆமென்று தலையை அசைக்க மட்டுமே முடிந்தது.

ராட்டை நின்றது. அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"உங்க வூட்ல நான் சாப்ட்டிருக்கேன்" என்றார். எங்களிடம் சொன்னதாகத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் பின்கட்டில் தறி நின்றது. இழை அறுந்தால் தறி நிற்கும், தினமும் நிற்பதுதான். ஆனால் பெரியம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். ஆடிப் பெருக்கு அன்று கதவுக்குப் பின்னால் நின்ற என் அம்மாவின் முகம் அது. அவர் எழுந்து அக்காவின் வாயைத் தம் கையால் பொத்தினார்.

"மெல்லடி. அவரு காதுல வுழுந்துடப் போவுது."

மூவரும் மூச்சுவிடாமல் நின்றோம். தறி மீண்டும் ஓடத் தொடங்கியது. அவர் கையை எடுத்தார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிடாத. தெருவுல நம்ம ஆளுங்கன்னு சொன்னது நான்தான். என்னத்தான் கேப்பாங்க. என் பொண்ணுங்க வாக்கப்பட்ட வூட்ல தெரிஞ்சா... ஐயோ, சாமி ரூம் வரைக்கும் வுட்டுட்டேனே. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

எங்களைப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் போகச் சொல்லவில்லை. எங்களை அனுப்பினால் ஏன் என்று தெரு கேட்குமே!

வர வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்பியும், வெள்ளிக்கிழமை மாலை அவருடைய தம்பி மட்டும் வந்தார். நாங்கள் மாடிக் கதவைத் தாழிட்டோம். அப்பா கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். படிக்கட்டு வழியே ஒவ்வொரு சொல்லும் மேலே வந்தது.

"ஏன்க்கா திடீர்னு வேணாங்குற? ஆள சரியா விசாரிச்சியா இல்லயா?"

கீழே டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் கையை நான் பிடித்திருந்தேனா, என் கையை அவள் பிடித்திருந்தாளா என்று எனக்கு நினைவில்லை.

"நான் விசாரிக்காத ஆளா? நம்ம ஆளுங்கதான். பொண்ணுக்கு வேற எடத்துல பேசி வெச்சிருக்குறாங்களாம், இப்பதான் சொல்றாங்க. நீ காபிய குடி."

"மேல போயி நானே ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் படியில் ஏறியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏறாதடா!" என்று ஒரு குரல். அப்படி ஒரு குரல் பெரியம்மாவிடம் இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. பிறகு தணிந்து, "வயசுப் பொண்ணுங்க இருக்குற வூடு. ஆம்பள திடுதிப்புனு போவலாமா?" என்றார்.

சத்தம் இறங்கிப் போயிற்று.

அன்று அவர் எங்களைக் காப்பாற்றினார் என்று அம்மா இன்றும் சொல்கிறார். தம்மைக் காப்பாற்றிக்கொண்டார் என்கிறாள் அக்கா. ஒரே அச்சத்தில் நிற்பவர்களுக்கு இடையே உறவு மலரும் என்று நானே மேடையில் முழங்கியிருக்கிறேன். மலரவில்லை. அவர் அதன்பின் மாடி ஏறவில்லை. கிண்ணம் வரவில்லை, எங்கள் கிண்ணமும் கீழே இறங்கவில்லை. நாங்கள் நடையைக் கடக்கும்போது சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்றது. ஆனால் தெருவில் யாராவது இருந்துவிட்டால், "வா கண்ணு, சாப்ட்டியா?" என்று முன்னைவிட உரக்கக் கேட்பார். அந்தக் குரலின் உரத்துக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தெருவுக்குச் சொன்னது.

வேறு வீடு தேடினோம். இம்முறை ஊர் எது என்ற கேள்விக்கு அக்காவே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். பல கதவுகள் மூடின. கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில், ஜவுளி வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், "காலனியா? சரிம்மா, மோட்டார் மட்டும் ராத்திரில போடாதீங்க, சத்தம்" என்று சாவியைக் கொடுத்தார்.

சாமான் ஏற்றிய நாளில் தெருப் பெண்கள் பலர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெரியம்மாவும் வந்து நின்றார். எல்லோரும் பார்க்க அக்காவின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"எங்க போனாலும் நல்லா இருக்கணும். நம்ம ஆளுங்க விட்டுப் போறது கஷ்டமாத்தான் இருக்குது" என்று உரக்கச் சொன்னார். பிறகு கன்னத்தோடு கன்னம் வைப்பவரைப் போல நெருங்கினார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"அங்க யாராச்சும் கேட்டா, இந்த வூட்ல இருந்தோம்னு மட்டும் சொல்லிடாதம்மா."

"கேட்டா சொல்லுவேன் பெரியம்மா" என்றாள் அக்கா.

அவர் கையை விடவில்லை. லோடு ஆட்டோக்காரர் இருமுறை ஹாரன் அடித்தார். பற்றிய கைகள் இன்னும் இறுகியதில் அக்காவின் வளையல்கள் உரசி மெல்லிய ஓசை எழுந்தது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது, ஆகவே அவர் சிரித்தபடியே நின்றார்.